காலங்கடந்த தொடைக் கழுத்து முறிவும் இரண சிகிச்சையும்

மும்பையின் தாராவிப் பகுதியில் பல வீடுகளின் மேல்தளத்திற்குச் செங்குத்தான இரும்பு ஏணியே வழியாகும். அதிலிருந்து தவறி விழுபவர் இளைஞராயினும் அவரது தொடை எலும்பின் கழுத்து முறியக்கூடும். எலும்பின் உருண்டைத் தலையைத் தண்டுடன் இணைக்கும் குறுகிய பகுதியே கழுத்து எனப்படுகிறது. புறத்தே காயமோ பெரும் வீக்கமோ காணப்படாமையால், சுளுக்கென்று கருதி எண்ணெய் தேய்த்து நாட்களைக் கழிப்போர் உண்டு. புத்தூர்க் கட்டை நாடுவோரும் உண்டு. முன்கை முறிவைக் கட்டு வெளியிலிருந்து தாங்கி நிறுத்தலாம். தடித்த தசைகளுக்கடியில், இடுப்பு மூட்டினுள்ளே உள்ள முறிவை எக்கட்டும் அசையாது நிறுத்த இயலாது.

மூன்று வாரங்களுக்குப் பின் சிகிச்சைக்கு வருவதைக் காலங்கடந்த முறிவென மருத்துவர்கள் பொதுவாகக் கொள்வர். தலைக்கு இரத்தங் கொண்டுசெல்லும் குழாய்களிற் பெரும்பாலானவை கழுத்தை ஒட்டியே செல்வதால், முறிவின்போது அவையும் சிதையலாம். நாள் செல்லச் செல்ல முறிந்த முனைகள் கரைந்து கழுத்தே குறுகிவிடுகிறது. அந்நிலையில் திருகாணி மட்டும் பொருத்துவது பெரும்பாலும் போதாது.

இதற்கு 1935 ஆம் ஆண்டில் வழி வகுத்தவர் ஜெர்மானிய மருத்துவர் பிரீட்ரிக் பாவெல்ஸ் ஆவார். சரிந்த பலகையில் வைத்த பெட்டி சறுக்கும்; மட்டமான பலகையில் வைத்த பெட்டி தன் பாரத்தாலேயே அழுந்தி நிற்கும். முறிவுக் கோடு செங்குத்தாக இருப்பின், உடலின் பாரம் இரு துண்டுகளையும் சறுக்கிப் பிரிக்கிறது. ஆகவே கழுத்துக்குக் கீழே, எலும்பின் வெளிப்புறத்தில் ஓர் ஆப்பு வடிவத் துண்டை அறுத்தெடுத்து, எலும்பைச் சாய்த்து உலோகத் தகட்டால் பிணைக்கின்றனர். முறிவுக் கோடு படுக்கைநிலையை நெருங்குகிறது. பிரித்த பாரமே இப்போது ஒட்டவைக்கும் அழுத்தமாகிறது. பிணியின் காரணத்தையே மருந்தாக்கிய இம்முறையின் எளிமை வியக்கத்தக்கது.

இந்திய மருத்துவர்களின் பங்கும் சிறிதன்று. காலிலிருந்து எடுத்த சிம்பு எலும்புத் துண்டைத் திருகாணியுடன் செருகும் முறையைச் சண்டிகரில் நாகியும், இரத்த ஓட்டம் குன்றாதிருக்கத் தசையோடு கூடிய எலும்புத் துண்டைப் பதிக்கும் முறையைக் கொல்கத்தாவில் பக்ஷியும் கையாண்டு, தம் அனுபவங்களை 1986-இல் வெளியிட்டனர்.

முதியோருக்குச் செயற்கை மூட்டு பொருத்துவதே பெரும்பாலும் ஏற்றது. ஆனால் தரையில் சம்மணமிட்டு அமர்ந்தும், குந்தியும் உழைக்கும் இளைஞருக்குச் செயற்கை மூட்டு விரைவில் தேய்ந்துவிடலாம். இயற்கைத் தலையைக் காப்பதற்கே மருத்துவர் முதலில் முயல்வர்.

விழுந்தவரது கால் குட்டையாகிப் பாதம் வெளிப்புறம் திரும்பியிருந்தாலோ, படுத்தபடி காலை உயர்த்த முடியாவிட்டாலோ, களப்பணியாளர் தேய்ப்பதைத் தடுத்து, காலை அசையாது வைத்து மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். தாராவி, மாட்டுங்கா மக்களுக்கு அண்மையில், சயானில் 1947 முதல் லோகமான்ய திலகர் நகராட்சிப் பொது மருத்துவமனை இயங்கிவருகிறது. முறிவு விலகாதிருப்பின் சிலர் நொண்டியவாறே நடக்கவுங்கூடும். இடுப்பு மடிப்பில் வலி நீடித்தால் அவர்களுக்கும் எக்ஸ்-கதிர்ப் படம் தேவை.

இரண சிகிச்சைக்குப் பின் சில மாதங்கள் ஊன்றுகோலுடனேயே நடக்க வேண்டும். எலும்பு ஒட்டிய பின்னரும், இரத்தமின்றித் தலை நலிந்து அமிழ்வது இரண்டு ஆண்டுகள் கழித்தும் தோன்றக்கூடுமாதலால், வலி நீங்கியவரையும் அக்காலம்வரை படமெடுத்துப் பார்க்க அனுப்புவது களப்பணியாளரின் வேலையில் அடங்கும்.