கருப்பைக் கட்டி அறுவைக்குப் பிந்தைய நஞ்சுக்கொடி ஒட்டல்

நஞ்சுக்கொடி ஒட்டல் என்பது, குழந்தை பிறந்தபின் தானாகப் பிரிந்து வெளிவர வேண்டிய நஞ்சுக்கொடி, கருப்பைத் தசையுடன் இறுக ஒட்டிப் பிரியாமல் நிற்கும் நிலையாகும். மருத்துவத்தில் இது பிளாசென்டா அக்ரீட்டா எனப்படுகிறது. பெரும்பாலும் முந்தைய சிசேரியன் தழும்பே இதற்குக் காரணம். ஃபைப்ராய்டு எனப்படும் நார்த்திசுக் கட்டிகளை மட்டும் அகற்றிக் கருப்பையைக் காக்கும் மயோமெக்டமி அறுவைக்குப் பின்னும் சிலருக்கு இது ஏற்படலாம்.

காரணம்

கர்ப்பத்தின்போது கருப்பையின் உள்வரிச் சவ்வு தடித்து டெசிடுவா என்னும் அடுக்காகிறது. நஞ்சுக்கொடிக்கும் தசைக்கும் இடையே இருப்பது இவ்வடுக்கே. தழும்பின் மேல் இது சரியாக வளராவிட்டால், நஞ்சுக்கொடியின் விரல் போன்ற நீட்சிகள் நேரடியாகத் தசையைப் பற்றுகின்றன.

எனவே கட்டி இருந்த இடம் முக்கியமானது. கருப்பையின் வெளிப்புறக் கட்டியை அகற்றும்போது உள்வரிச் சவ்வு பொதுவாகப் பாதிக்கப்படுவதில்லை. கருப்பையின் உட்குழிவரை வெட்டு சென்றிருந்தாலோ, உட்குழியில் துருத்திய கட்டி அகற்றப்பட்டிருந்தாலோ சவ்வில் தழும்பு உண்டாகலாம்.

வகைகள்

* அக்ரீட்டா: நீட்சிகள் தசையின் மேற்பரப்பில் ஒட்டும்.
* இன்க்ரீட்டா: தசைக்குள் ஊடுருவும்.
* பெர்க்ரீட்டா: கருப்பையின் வெளிச்சுவரையும் கடக்கும், சிறுநீர்ப்பையையும் எட்டலாம்.

இடர் அளவு

மயோமெக்டமி செய்துகொண்ட பெரும்பாலோருக்கு இச்சிக்கல் வருவதில்லை. நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடியபடி கீழே அமைந்திருப்பதும், முந்தைய சிசேரியன்களும் இடரைக் கூட்டுகின்றன. 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், கீழமைந்த நஞ்சுக்கொடி உள்ளவர்களில் முதல் சிசேரியனின்போது 3%, இரண்டாவதில் 11%, மூன்றாவதில் 40% பேருக்கு ஒட்டல் காணப்பட்டது.

கண்டறிதலும் சிகிச்சையும்

பிரசவத்துக்கு முன் இது பெரும்பாலும் அறிகுறி காட்டுவதில்லை. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் நஞ்சுக்கொடிக்குள் ஒழுங்கற்ற இரத்தக் குழிகள், மெலிந்த தசைச்சுவர் போன்றவை தெரியலாம், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுக்கப்படும்.

அறியாமல் நஞ்சுக்கொடியை இழுத்துப் பிரிக்க முயன்றால், உயிருக்கு ஆபத்தான இரத்தப்போக்கு ஏற்படலாம். முன்பே தெரிந்தால், இரத்த வங்கி வசதியுள்ள பெரிய மருத்துவமனையில், பொதுவாக 34 முதல் 36 வாரங்களுக்குள் சிசேரியன் திட்டமிடப்படுகிறது. பல நேரங்களில் நஞ்சுக்கொடியைப் பிரிக்காமலே கருப்பை அகற்றப்படுகிறது; தேர்ந்தெடுத்த சிலருக்குக் கருப்பையைக் காக்கும் முறைகளும் உண்டு.

கர்ப்பிணிகள் கவனிக்க வேண்டியது

அறுவைக் குறிப்பில் கட்டியின் இடமும், வெட்டு உட்குழிவரை சென்றதா என்பதும் எழுதப்பட்டிருக்கும். முதல் பரிசோதனையிலேயே அதை மருத்துவரிடம் காட்டினால், ஸ்கேன் செய்பவர் தழும்புள்ள இடத்தைத் தனிக் கவனத்துடன் பார்க்க முடியும்.