கொட்டும் முடியும் மூன்று மாதக் கணக்கும்

பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்று பாண்டிய மன்னனுக்கு ஐயம் எழுந்ததாகவும், அதன் பொருட்டு இறைவனும் நக்கீரரும் சங்கத்தில் வாதிட்டதாகவும் திருவிளையாடற் கதையொன்று உண்டு. தம்போயில் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு எழுந்த ஐயம் அதைவிட எளியது. இந்த முடி ஏன் இப்படிக் கொட்டுகிறது? சீப்பில், தலையணையில், குளியலறை வடிகாலில், சில நாள் சோற்றிலும்கூட முடி. வாதிடுவதற்கு யாரும் தேவையில்லை. பாட்டி ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்லிவிடுவார்: "மழைக்காலம்."

அந்தத் தீர்ப்பு சரிதானா என்று தேடிப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை. தமிழ்ப்பள்ளியை முடித்து, இடைநிலைப்பள்ளியில் உயிரியலை மலாய்மொழியில் படித்தவள் நான். ஆகவே சில சொற்களை நானே தமிழில் அமைத்துக்கொண்டேன், பொறுத்தருள்க.

நம் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் உள்ளன. ஒவ்வொன்றும் தனித்தனிக் கணக்கில் வாழ்கிறது. இரண்டு முதல் ஆறு ஆண்டு வரை வளர்பருவம். இரண்டு மூன்று வாரம் மாறுபருவம். பிறகு ஏறக்குறைய மூன்று மாதம் ஓய்வுப்பருவம். ஓய்வு முடிந்ததும் பழைய முடி விழுந்து, அதே குழியில் புதியது முளைக்கும். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை விழுவது இயல்பு. நாம் கவனிக்க வேண்டியது அந்த மூன்று மாதம்தான். உடலுக்கு ஓர் அதிர்ச்சி நேர்ந்தால் பல முடிகள் ஒரே நேரத்தில் வளர்ச்சியை நிறுத்தி ஓய்வுக்குப் போகின்றன. ஆனால், அவை அன்றே விழுவதில்லை. இரண்டு மூன்று மாதம் கழித்தே விழுகின்றன. டெங்கிக் காய்ச்சல், கோவிட், அறுவைச் சிகிச்சை, பட்டினி கிடந்து உடல் இளைத்தல் ஆகியவற்றுக்குப் பின் முடி கொட்டுவது இவ்வாறுதான். 1961-இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் இதற்கு 'டெலோஜென் எஃப்லுவியம்' என்று பெயரிட்டார். ஆக, இன்று கொட்டும் முடிக்கான காரணத்தை இன்றைய வானிலையிலோ நேற்று மாற்றிய ஷாம்புவிலோ தேடினால் பெரும்பாலும் கிடைக்காது.

பாட்டியை முற்றிலும் மறுக்கவும் முடியவில்லை. பருவத்துக்கும் முடிக்கும் தொடர்பு இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அது ஐரோப்பாவில். சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் 823 பெண்களை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஓய்வுப்பருவ முடிகள் ஜூலையில் மிகுதியாகவும் பிப்ரவரித் தொடக்கத்தில் குறைவாகவும் இருந்தது தெரியவந்தது. ஜூலையில் ஓய்வுக்குப் போனவை இலையுதிர் காலத்தில் கொட்டும். பகற்பொழுது நீண்டு குறுகுவதே இதற்குக் காரணமாகலாம் எனக் கருதப்படுகிறது. சூரிக்கில் கோடைப் பகல் ஏறக்குறைய 16 மணி நேரம். குளிர்காலத்தில் எட்டரை மணி நேரம்தான்.

ஜொகூர் பாருவோ பூமத்திய ரேகைக்கு ஒன்றரை பாகை வடக்கே உள்ளது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே ஏறத்தாழ பத்து நிமிடமே வேறுபாடு. பெரும்பொழுது ஆறு என்று தமிழ் வகுப்பில் படித்தோம். தம்போயில் இருப்பதென்னவோ வெயிலும் மழையும்தான். நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று வந்தால் துணி காயாது, தலை காயாது, அவ்வளவே. மழை முடியை வேரோடு பிடுங்குவதில்லை.

என் அக்காவுக்கு ஆகஸ்டில் குழந்தை பிறந்தது. டிசம்பரில் கொத்துக் கொத்தாக முடி கொட்டியது. வெளியே நல்ல மழை. பழி மழைமீதே விழுந்தது. உண்மையில், கருவுற்ற காலத்தில் ஈஸ்ட்ரோஜென் ஹார்மோன் மிகுந்திருப்பதால் முடிகள் விழாமல் வளர்ந்துகொண்டே இருக்கும். பிரசவத்துக்குப் பின் அது சட்டென்று குறைய, தங்கியிருந்த முடிகளெல்லாம் சேர்ந்து ஓய்வுக்குப் போய், நான்காம் மாதவாக்கில் கொட்டும். பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் சரியாகிவிடும். பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். பிள்ளையின் சிரிப்பு காரணமில்லை என்றாலும், அவர்கள் கவனித்த காலக்கணக்கு வியக்கத்தக்க அளவுக்குச் சரி!

என் வயதுத் தோழியர் கவனிக்க வேண்டியது வேறு வகை. முடி கொத்தாக விழாமல், உச்சி வகிடு மெல்ல மெல்ல அகலும். முன்நெற்றிக் கோடு பெரும்பாலும் அப்படியே இருக்கும். முடிக்குழிகள் ஆண்பால் ஹார்மோன்களின் தாக்கத்தால் சுருங்கி, முடி மெலிந்து போவது இதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. இத்துடன் மாதவிலக்குத் தள்ளிப்போதல், முகப்பரு, தாடையில் முடி வளர்தல் ஆகியவையும் சேர்ந்தால் பி.சி.ஓ.எஸ் எனப்படும் சூலகக் கோளாறாக இருக்கக்கூடும். இது ஓராண்டில் தானாகச் சரியாகும் வகையன்று. காலம் தாழ்த்தினால் மெலிந்த முடியை மீட்பது கடினம்.

மழைக்காலம் என்ற சொல் எங்கள் வீட்டில் மறைத்து வைத்திருந்தது அம்மாவின் நோயை. அம்மா மின்னியல் தொழிற்சாலையில் வேலை செய்பவர். முடி கொட்டியதற்கு மழை காரணம். எப்போதும் களைப்பாக இருந்ததற்கு இரவு ஷிப்ட் காரணம். குளிர் தாங்காததற்குத் தொழிற்சாலை ஏர்கோன் காரணம். உடல் பருத்ததற்கு வயது காரணம். நான்கு அறிகுறிகளுக்கு நான்கு காரணங்கள் வைத்திருந்தோம். மூன்று மழைக்காலங்கள் இப்படியே கழிந்தன. இடையில் ஒரு முடி பராமரிப்பு நிலையத்துக்கு அம்மா தவணை முறையில் பணமும் கட்டினார். அங்கே தலையைத் தொட்டுப் பார்த்தார்களே தவிர, களைப்பைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பிறகு சுகாதாரக் கிளினிக்கில் எடுத்த இரத்தப் பரிசோதனை எல்லாவற்றுக்கும் ஒரே காரணத்தைக் காட்டியது: தைராய்டு சுரப்பி போதிய அளவு சுரக்கவில்லை. இப்போது தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. களைப்பு சில வாரங்களில் குறைந்தது. முடி நிற்கப் பல மாதம் பிடித்தது. முடி தன் மூன்று மாதக் கணக்கைக் கேட்காமல் விடாது அல்லவா!

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் ஒரு ரிங்கிட். போகும்போது மூன்று நான்கு மாதத்துக்கு முன் காய்ச்சல், பிரசவம், புதிய மருந்து ஏதேனும் உண்டா என்பதையும், கடைசியாக மாதவிலக்கு வந்த நாளையும் குறித்துக்கொண்டு போங்கள். மாதவிலக்கில் இரத்தப்போக்கு மிகுதி என்றால் அதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். இரும்புச் சத்துக் குறைவாலும் முடி கொட்டும். மருந்தகத்தில் வாங்கும் 'முடி வைட்டமின்' சாப்பிடுகிறவர்கள் அதை மருத்துவரிடம் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். அவற்றில் பெரும்பாலும் இருக்கும் பயோட்டின் என்னும் சத்து, தைராய்டு இரத்தப் பரிசோதனையின் முடிவையே மாற்றிக் காட்டக்கூடும்; எத்தனை நாளைக்கு முன் நிறுத்த வேண்டும் என்பதை அவர்களே சொல்வார்கள்.