தாதியர் காக்கும் குழாய்

பாலிக் புலாவிலிருந்தும் புக்கிட் மெர்த்தாஜாமிலிருந்தும் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக ஜார்ஜ் டவுன் பொது மருத்துவமனைக்கு வருவோருக்கு, நோயினும் பெருந்துன்பமாய்ச் சில வேளை அமைவது, மருந்தேற்ற நாளம் அகப்படாமல் ஊசி மீண்டும் மீண்டும் குத்தப்படுவதே. இதற்குப் பரிகாரமாக வந்தது பிக் லைன்: மேற்கை நாளத்தின் வழியே நுழைந்து, இதயத்தை அடுத்த பெருநாளம்வரை சென்று, மாதக்கணக்கில் தேகத்தில் தங்கவல்ல மெல்லிய குழாய்.

இத்தகைய குழாய்க்கு முன்னோடியாக, 1929-இல் ஜெர்மனியில் வெர்னர் ஃபோர்ஸ்மான் என்னும் இளம் வைத்தியர், 65 சென்டிமீட்டர் குழாயொன்றைத் தம் கைநாளத்தின் வழியே இதயத்துக்குள் செலுத்தி எக்ஸ்ரே படமும் எடுத்துக்கொண்டபோது, கருவிகளை அளித்து உடன் நின்றவர் கெர்டா டிட்சன் என்னும் தாதி. 1956-இல் நோபெல் பரிசில் பங்கு வைத்தியருக்குக் கிடைத்தது, தாதியை உலகம் மறந்தது. அம்மறதி நியாயமன்று.

இன்றோ பல தேசங்களில், விசேஷப் பயிற்சி பெற்ற தாதியரே அல்ட்ராசவுண்ட் திரையில் நாளத்தைக் கண்டு குழாயைச் செலுத்துகின்றனர். வாரந்தோறும் உப்புநீர் செலுத்திக் கழுவி, கட்டு மாற்றிக் காப்பவரும் அவர்களே. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், பெருநாளக் குழாய் பொருத்துவதற்குக் கைகழுவுதல் முதலிய எளிய விதிகளை வகுத்து, அவற்றில் தவறும் வைத்தியரையும் தடுத்து நிறுத்தும் அதிகாரத்தைத் தாதியர்க்கு அளித்தபின், 1000 குழாய் நாள்களுக்கு (ஒருவர் உடலில் குழாய் ஒரு நாள் இருப்பது ஒரு குழாய் நாள்) 2.7 ஆக இருந்த இரத்தத் தொற்றின் இடைநிலை அளவு மூன்று மாதத்தில் பூஜ்யமாயிற்று என்று 2006-இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

குழாய் பொருத்திக்கொண்டவர்களே, அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்க விடாதீர்கள். காய்ச்சலோ நடுக்கமோ கைவீக்கமோ கண்டால், மறுவாரம்வரை பொறுக்காமல் அன்றே தாதியிடம் சொல்லுங்கள்.