மழலையின் நள்ளிரவு விழிப்பு

இரவில் விழித்தழும் ஒன்றரை வயதுக் குழந்தையைக் கண்டு பெற்றோர் கலங்குவது இயல்பு. ஆயினும் விழிப்பு ஒரு நோயன்று. அது உறக்கத்தின் உறுப்பே ஆகும். மாந்தர் அனைவரும் ஒவ்வோர் இரவும் பலமுறை நொடிப்பொழுது விழித்துப் புரண்டு படுக்கின்றனர். விடிந்தபின் அது நினைவில் நிற்பதில்லை. விழித்தபின் தானாகவே உறக்கத்துக்குத் திரும்பும் திறனைத்தான் குழந்தை கற்க வேண்டியுள்ளது.

இவ்விழிப்பு எப்போது நேர்கிறது என்பதை உறக்க ஆய்வு விளக்குகிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி என்னும் ஆய்வு மாணவர் உறங்கும் குழந்தைகளின் இமைகளை உற்று நோக்கித் தம் பணியைத் தொடங்கினார். அவரும் அவர்தம் பேராசிரியர் நத்தானியேல் கிளெய்ட்மனும் 1953-இல் கனவோடு தொடர்புடைய விரைவு விழியசைவு உறக்கத்தை உலகுக்கு அறிவித்தனர். உறங்கும் குழந்தைகளிடம் அசைவும் அமைதியும் ஏறத்தாழ 50 முதல் 60 நிமிடத்துக்கு ஒருமுறை சுழன்று வருவதை 1955-இல் வெளியிட்டனர். வளர்ந்தோரின் உறக்கச் சுழற்சியோ ஏறத்தாழ 90 நிமிடம் நீளும். குழந்தையின் சுழற்சி குறுகியது. ஆதலின் ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் எல்லைகளும் மிகுதி. விழிப்பு நேர்வது பெரும்பாலும் அவ்வெல்லைகளிலேயே.

தோளிலோ ஆடும் தூளியிலோ கண்ணயர்ந்த குழந்தை, அசைவற்ற பாயில் விழிக்கும்போது, தான் உறங்கத் தொடங்கிய சூழலைத் தேடி அழுகிறது. எனவே உறக்கம் தொடங்கும் சூழலே நள்ளிரவிலும் நிலவுதல் வேண்டும். கண் செருகும் வேளையில், முற்றும் உறங்குமுன், குழந்தையைப் படுக்கையில் கிடத்துக. தாயருகே உறங்கும் வழக்கத்தை இதற்காகக் கைவிட வேண்டுவதில்லை. தோளிலிருந்து மடிக்கும், மடியிலிருந்து பாயில் தட்டிக்கொடுப்பதற்கும், பின்னர் வெறுமனே அருகிருப்பதற்கும் படிப்படியாக மாறுக. இரவில் அழுதால் விளக்கேற்றாமல், தாழ்ந்த குரலில் தேற்றுக. தாய், தந்தை, பாட்டி எவர் எழுந்தாலும் தேற்றும் முறை ஒன்றாகவே இருக்கட்டும்.

இவ்வாறு பழக்குவது உள்ளத்தைப் புண்படுத்துமோ என்னும் ஐயத்தை ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் ஆய்வாளர்கள் ஆராய்ந்தனர். கைக்குழந்தைப் பருவத்தில் இத்தகைய முறைகளால் பழக்கப்பட்டோரை 6 வயதில் மீண்டும் ஆய்ந்தபோது, மனநலத்திலும் பெற்றோருடனான பிணைப்பிலும் தீங்கு ஏதும் தென்படவில்லை. அம்முடிவு 2012-இல் வெளியாயிற்று.

பழக்கத்தோடு உறங்கும் நேரமும் சீராக அமைதல் வேண்டும். உறக்கத்தை இரு விசைகள் ஆள்வதாக உறக்க ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பெலி 1982-இல் விளக்கினார். விழித்திருக்கும் நேரம் நீள நீள வளரும் உறக்கத் தேவை ஒன்று. மூளையிலுள்ள உயிர்க்கடிகாரம் மற்றொன்று. மாலையில் நெடுநேரம் உறங்கிய குழந்தைக்கு முதல் விசை தளர்கிறது. இரவில் கண்ணில் படும் பேரொளி மெலடோனின் என்னும் உறக்க இயக்குநீரின் சுரப்பை அடக்கிக் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது. ஆகவே காலை வெயிலில் ஆடவிடுக. அந்திக்குப் பின் கைப்பேசியும் தொலைக்காட்சியும் அணைக. குளியல், கதை, தாலாட்டு என்னும் வரிசை நாள்தோறும் ஒரே நேரத்தில் நிகழட்டும். 1 முதல் 2 வயதுக் குழந்தைக்குப் பகலுறக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேர உறக்கம் தேவை என்கிறது உலக நலவாழ்வு அமைப்பு.

பழக்கத்தால் தீராத விழிப்பும் உண்டு. நாள்தோறும் குறட்டை, உறக்கத்தில் மூச்சுத் தடை, காதுவலி, ஓயாது கால் உதைத்தல் ஆகியவை தோன்றின் மருத்துவரை நாடுக. கால் அமைதியின்மைக்கு இரும்புச்சத்துக் குறைவும் காரணமாகலாம். உறங்க வைப்பதற்கென்று சளி, இருமல் மருந்துகளை ஒருபோதும் புகட்டற்க. பால்புட்டியை வாயில் வைத்தவாறே உறங்கவிடுதல் பற்களைச் சிதைக்கும்.

பெற்றோரே, அழும் குழந்தை உங்களைச் சோதிக்கவில்லை. உறங்கும் வழியைக் கேட்கிறது. சினம் தவிர்த்து, ஒரே முறையைப் பொறுமையோடு பற்றி நின்று அவ்வழியைக் கற்பியுங்கள்.