பேத்தமங்கலம் ஏரிக்கரையில் நான்கு நாள்



விடுமுறை என்றவுடன் நம்மிற் பலருக்கு உதகையும் கொடைக்கானலும் நினைவுக்கு வரும். அங்குள்ள கூட்டமும் செலவும் அடுத்து நினைவுக்கு வரும். நான்கு நாள் விடுப்பும் அளவான பணமும் உடைய குடும்பத்தினர் எங்கே செல்வது? கருநாடகத்தில் கோலார் தங்கவயலுக்குச் சுமார் பத்துக் கிலோமீட்டர் தொலைவில், பாலாற்றின் கரையில், பேத்தமங்கலம் என்ற சிற்றூர் இருக்கிறது. அதனை அறிமுகம் செய்வதே இப்பேச்சின் நோக்கம்.

அலுவலகக் கோப்புகளை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்கு மாற்றுவதே நமது தொழில். 'விடுமுறை' என்பதும் 'ஓய்வு' என்பதும் ஒன்றல்ல என்பதை அத்தொழிலிலேயே கற்றோம். விடுமுறையை அலுவலகம் தருகிறது. ஓய்வை நாமே தேடிக்கொள்ள வேண்டும். ஒரு நாளில் ஐந்து இடங்களைப் பார்த்துவிட்டு அலுத்துத் திரும்புபவருக்கு விடுமுறை கிடைத்தது, ஓய்வு கிடைக்கவில்லை. காலையில் கட்டுச்சோற்றுடன் புறப்பட்டு, ஓரிடத்திற்கு மட்டும் நடந்து சென்று, மாலையில் நீர்நிலையருகே வந்து அமர்வதே உண்மையான இளைப்பாறுதல். காணும் பொங்கலன்றும் ஆடிப் பெருக்கன்றும் நம் முன்னோர் செய்ததும் இதுதான்.

பேத்தமங்கலம் பழமையான ஊர். வாண மன்னன் விசயாதித்தன் பெயரால் விசயாதித்தமங்கலம் என வழங்கியதைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. பாலாற்றின் நீரைத் தேக்கும் பேரேரியே ஊரின் உயிர். பத்தாம் நூற்றாண்டில் நொளம்ப மன்னன் ஒருவன் இதனைப் பழுது பார்த்தான். பன்னிரண்டாம் நூற்றாண்டில் போசளர் காலத்திலும் இது செப்பனிடப் பெற்றது. அரசுகள் மாறினும் ஏரியைக் காக்கும் கடமை மாறவில்லை.

தங்கவயலின் கதை இங்கேதான் ஏரியோடு இணைகிறது. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் அங்கே சுரங்கத் தொழிலை ஏற்றனர். வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழர் ஆயிரக்கணக்கில் குடியேறினர். 1894இல் பங்காருப்பேட்டையிலிருந்து மாரிகுப்பத்திற்கு இருப்புப் பாதை வந்தது. பாறை மிகுந்த அந்நிலத்தில் பொன் இருந்தது. போதிய நீர் இல்லை. ஆகவே, பேத்தமங்கலம் ஏரி நீரைத் தூய்மை செய்து, இயந்திரத்தால் ஏற்றி, குழாய்கள் வழியே சுரங்க நகருக்கு அனுப்பினர். தலைமுறை தலைமுறையாகத் தங்கவயல் தமிழர் குடித்தது இந்த நீரையே.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமுடையது. அந்த ஆழத்தில் பாறையின் வெம்மை அறுபது பாகையைக் கடக்கும். குளிரூட்டிய காற்றை உள்ளே செலுத்தினாலன்றி மனிதர் நிற்க இயலாது. பாறை வெடித்துச் சரிவதும் உண்டு. அத்தகைய இடத்தில் பணி செய்தவர் எம் பெரியப்பா. இந்த முறை அவரையும் உடன் அழைத்துச் சென்றிருந்தோம். ஏரிக்கரையில் துண்டை விரித்து அமர்ந்த அவர், "ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் வந்து இதே இடத்தில் படுத்துக் கிடப்போம், தம்பி. ஒருவரோடு ஒருவர் பேசக்கூட மாட்டோம்" என்றார். ஓய்வுக்கு இதனினும் நல்ல விளக்கத்தை நாம் கேட்டதில்லை.

இனி, நான்கு நாள்களையும் வகுத்துக் கூறுவோம். முதல் நாள் ஏரிக்கரைக்கே உரியது. காலையில் கரைமேல் நடந்து மதகையும் கலிங்கையும் பார்க்கலாம். மழைக்குப் பின் வரும் மார்கழி, தை மாதங்கள் ஏற்றவை. மழை பொய்த்த ஆண்டுகளில் நீர் வெகுவாகக் குறைந்துவிடும் என்பதையும் நினைவிற் கொள்க.

இரண்டாம் நாள் அருகிலுள்ள கம்மசந்திரம் செல்லலாம். அங்குள்ள கோடிலிங்கேசுவரர் கோயிலில் 108 அடி உயர இலிங்கமும், அதனைச் சூழ எண்ணற்ற சிறு இலிங்கங்களும் உள்ளன. மூன்றாம் நாள் ஆவணி. பேருந்தில் சென்று, நொளம்பர் காலத்து இராமலிங்கேசுவரர் கோயில்களைக் கண்டபின், சீதை கோயில் உள்ள குன்றின்மேல் நடந்து ஏறலாம். வால்மீகி முனிவர் வாழ்ந்ததும், இலவனும் குசனும் பிறந்ததும் இங்கேயே என்பது அவ்வூரார் நம்பிக்கை.

நான்காம் நாள் கோலார் நகரம். அதனையடுத்த அந்தரகங்கை மலையில் கல் நந்தியின் வாயிலிருந்து ஊற்றுநீர் வீழ்கிறது. அதற்கு மேலே பாறைகளும் குகைகளும் நிறைந்த வழி. குரங்குகள் மிகுதி, உணவுப் பொட்டலத்தைக் கையில் ஏந்திச் செல்லாதீர்கள். மாலையில் கோலாரம்மன் கோயிலைக் காணுங்கள். அதன் சுவர்களில் இராசேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. வேற்று மாநிலத்தில் தாய்மொழி எழுத்தைக் கல்லிற் காணும்போது பிள்ளைகளுக்கு உண்டாகும் வியப்பைக் கண்டு நாமும் மகிழ்ந்தோம்.

இரண்டு எச்சரிக்கைகள் கூறவேண்டும். தங்கவயலில் மலைபோல் நிற்கும் சயனைடு மண்மேடுகளின்மீது பிள்ளைகளை ஏறவிடாதீர்கள். கைவிடப்பட்ட சுரங்க வாய்களையும் அணுகாதீர்கள். ஏரியில் துணி துவைப்பதும், உண்ட இலைகளையும் பைகளையும் எறிவதும் கூடா. அது பலர் குடித்து வாழ்ந்த நீர்.

2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று தங்கவயலிலிருந்து ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். நூறு கிலோமீட்டர் போக, நூறு கிலோமீட்டர் வர என்று நாளைக் கழிக்கும் அவர்களுக்கும் அருகிலேயே இந்த ஏரி காத்திருக்கிறது.

பாலாறு நந்தி மலையில் தோன்றி, பேத்தமங்கலத்தைக் கடந்து, ஆந்திரம் வழியாகத் தமிழகத்தில் புகுந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூரைத் தொட்டுக் கடலை அடைகிறது. இதன் நீர்ப் பங்கீடு 1892ஆம் ஆண்டு உடன்படிக்கையிலேயே இடம்பெற்றது. 1903 நவம்பரில் மேற்பகுதியின் ஏரிகள் உடைந்தபோது வாணியம்பாடி பேரழிவுக்குள்ளாயிற்று. மேலே கரை உறுதியாக நிற்பதில் கீழே உள்ளவர்களின் உயிரும் அடங்கியிருக்கிறது.

எம் பாட்டனாரின் ஊர் ஆம்பூருக்கு அருகில், இதே ஆற்றின் கரையில் உள்ளது. ஆற்று மணலைத் தோண்டியும் நீர் கிடைக்காத ஆண்டில் அவர் தங்கவயலுக்கு வந்தார் என்று பெரியப்பா கூறினார். ஊரை விட்டு வந்தவர் அதே ஆற்றின் நீரைத்தான் இங்கும் குடித்தார்! இதனை எம் பிள்ளைகள் அன்று கலிங்கின் அருகே நின்று கேட்டார்கள். "இங்கிருந்து வழியும் நீர் நம் ஊருக்குப் போகுமா?" என்று இளையவள் வினவினாள். நல்ல மழை பெய்தால் போகும் என்றார் பெரியப்பா.

வேற்று மாநிலங்களில் வாழும் நம்மவர் பிள்ளைகளுக்குச் சொந்த ஊரை எவ்வாறு காட்டுவது என்று கவலுறுவது உண்டு. அடுத்த விடுமுறையில் அவர்களை இந்தக் கரைக்கு அழைத்து வாருங்கள். ஆறு செல்லும் திசையைக் கைநீட்டிக் காட்டுங்கள். எஞ்சியதை அவர்களே கேட்பார்கள்.