மாட்டுக்கு மருந்து, பாறுக்கு நஞ்சு

மாணவ நண்பர்களே, ஊருக்கு வெளியே ஒரு மாடு இறந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் உடலிலுள்ள கார்பனும் நைட்ரஜனும் கால்சியமும் யாருக்குச் சொந்தம்? காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் புல் எடுத்துக்கொண்டவை அவை. புல் வழியே மாட்டுக்கு வந்தன. சூரிய ஆற்றல் உயிர்களின் வழியாக ஒருமுறை பாய்ந்து வெப்பமாக வெளியேறிவிடும். பொருள்களோ மீண்டும் மண்ணுக்குத் திரும்பியாக வேண்டும்.

அந்த வேலையை விரைவாக முடிப்பது பாறு எனப்படும் பிணந்தின்னிக் கழுகு. வெயிலில் சூடேறி மேலெழும் காற்றில் அது சிறகை விரித்தபடி மிதக்கிறது. சிறகடிப்பது அரிது என்பதால் ஆற்றல் செலவும் மிகக் குறைவு. ஆகவே பல கிலோமீட்டர் பரப்பில் இரை தேடுவது அதற்குக் கட்டுப்படியாகும், நாய்க்கு ஆகாது. (இயற்பியல் ஆசிரியனான எனக்கு இப்பறவையிடம் தனி மதிப்பு உண்டு!) ஒன்று இறங்கினால் மற்றவையும் வந்து சேரும். சில மணி நேரத்தில் எலும்புதான் மிஞ்சும்.

இந்தியாவில் 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுப் பாறுகள் ஏறக்குறைய ஆயிரத்துக்கு ஒன்றாகக் குறைந்துபோயின. ஏன்? முதலில் ஏதோ தொற்றுநோய் என்றே பலர் ஐயுற்றனர். பாகிஸ்தானில் இறந்த பாறுகளை ஆராய்ந்தவர்கள் 2004-இல் விடையை வெளியிட்டார்கள். மாடுகளின் வலிக்கும் வீக்கத்துக்கும் போடப்பட்ட டைக்ளோஃபினாக் என்ற மருந்துதான் காரணம். மருந்து போட்ட சில நாள்களில் மாடு இறந்தால், அதன் உடலில் மருந்து தங்கியிருக்கும். அதைத் தின்ற பாறின் சிறுநீரகம் பழுதாகிறது. பறவைகள் நைட்ரஜன் கழிவை யூரிக் அமிலமாக வெளியேற்றுபவை அல்லவா? அந்த அமிலம் வெளியேறாமல் உள்ளுறுப்புகளின் மேல் வெள்ளையாகப் படிந்துவிடுகிறது.

நூறு மாடுகளில் ஒன்றுக்கும் குறைவாகவே மருந்து இருந்தாலும் இந்த அழிவுக்குப் போதும் என்கிறது கணக்கு. ஒரே பந்தியில் பல பறவைகள் உண்கின்றன. ஆனால் ஓர் இணை ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும். இழப்பை எப்படி ஈடுகட்டுவது? பாறுகள் போன இடத்தில் பிணங்கள் தேங்கின, நாய்கள் பெருகின, வெறிநாய்க்கடி அச்சமும் கூடியது.

கால்நடைகளுக்கு இம்மருந்தை 2006-இல் இந்திய அரசு தடைசெய்தது. பாறுக்குத் தீங்கு செய்யாத மெலாக்சிகாம் என்ற மாற்று மருந்து இருக்கிறது. கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் ஆகியவையும் 2023-இல் தடைசெய்யப்பட்டன. பின்னது மாட்டின் உடலுக்குள் போய் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடும்!

நீலகிரி மாவட்டத்தின் மாயாற்றுப் பள்ளத்தாக்கில், ஆற்றோர நீர்மத்தி மரங்களில் பாறுகள் கூடுகட்டுகின்றன. அப்பக்கம் போக நேர்ந்தால் விடியற்காலையில் வானத்தைத் தேடாதீர்கள். தரை சூடேறிக் காற்று மேலெழத் தொடங்கிய பிறகே அவை கிளம்பும்.