சைக்ளோன், ஹெலிகாப்டர், செல்போன் 'கைரோ'... மூன்றும் சுழற்சிதான்! கிரேக்கச் சொற்களின் பின்னணி என்ன?

வங்கக்கடலில் புயல் உருவானால் 'சைக்ளோன்' என்கிறோம். தலைக்கு மேலே பறந்தால் 'ஹெலிகாப்டர்'. இப்போது நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் செல்போனுக்குள்ளே பெரும்பாலும் ஒரு 'கைரோஸ்கோப்' இருக்கும். மூன்றுக்கும் பெயர் வந்தது பண்டைய கிரேக்க மொழியில் இருந்துதான். மூன்று பெயருக்கும் அடிப்படை, சுழற்சி.

அப்படின்னா ஒரே சொல் போதுமே, எதற்கு மூன்று? காரணம் இருக்கிறது. கிரேக்கர்கள் சுழல்வதை எல்லாம் ஒரே பெயரில் அழைக்கவில்லை. எது சுழல்கிறது, எப்படிச் சுழல்கிறது என்று பார்த்துப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். அதில் ஒரு சொல் சாக்ரடீஸின் வாழ்க்கையோடு விளையாடியது. இன்னொரு சொல் கப்பல் மாலுமிகளின் உயிரைக் காக்க உதவியது. எப்படி? பார்க்கலாம்.

எந்தச் சுழற்சிக்கு என்ன பெயர்?

* டினோஸ், டினே: ஆற்றில் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடுமே, அந்தச் சுழல்.
* குக்லோஸ்: சக்கரம், வட்டம். சமஸ்கிருதத்தின் 'சக்ர' என்ற சொல்லும் இதுவும் ஒரே வேரில் பிறந்தவை. நாம் சொல்லும் 'சக்கரம்' அந்த வழியில் வந்ததுதான்.
* கூரோஸ்: வளையம். இதுதான் பின்னாளில் 'கைரோ' ஆனது.
* ஹெலிக்ஸ்: கொடி போலச் சுருண்டு சுருண்டு போகும் வடிவம்.
* ஸ்ட்ரோபிலோஸ்: பம்பரம். சூறைக்காற்றுக்கும் இதே பெயர் உண்டு. இதன் உறவுக்காரச் சொல்லான 'ஸ்ட்ரோபோஸ்' தான் கச்சேரி மேடையில் வெட்டி வெட்டி எரியும் 'ஸ்ட்ரோப்' லைட்டின் பெயரில் இருக்கிறது.
* ரோம்போஸ்: கயிற்றில் கட்டி வேகமாகச் சுழற்றும் கட்டை. சடங்குகளில் இதைச் சுழற்றி 'உய்ங்' என்று சத்தம் எழுப்புவார்கள். கணக்குப் பாடத்தில் வரும் 'ரோம்பஸ்', அதாவது சாய்சதுரம், இந்தச் சொல்தான்.
* இலிங்கோஸ்: தலைசுற்றல். அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோஃப்ராஸ்டஸ் தலைசுற்றல் பற்றித் தனியாகவே ஒரு நூல் எழுதியிருக்கிறார்.

ஒரு சொல்லால் சாக்ரடீஸுக்கு என்ன சிக்கல்?

கிமு 5-ம் நூற்றாண்டில் சில கிரேக்கச் சிந்தனையாளர்கள் ஒரு புதுக் கருத்தைச் சொன்னார்கள். உலகம் இப்படி அமைந்ததற்குக் காரணம் ஒரு பெரும் சுழற்சி என்பதுதான் அது. எம்பெடாக்ளிஸ், டெமாக்ரிடஸ் போன்றவர்கள் இதற்குப் பயன்படுத்தியது ஆற்றுச் சுழலின் பெயரைத்தான். அனக்சகோரஸும் உலகம் ஒரு சுழற்சியில் தொடங்கியது என்றார்.

கடவுள்தான் இடி இடிக்கிறார், மழை பெய்விக்கிறார் என்று நம்பிய ஊரில் இது எப்படி எடுபடும்?

கிமு 423-ல் ஏதென்ஸில் அரிஸ்டோஃபனீஸ் எழுதிய 'மேகங்கள்' என்ற நகைச்சுவை நாடகம் அரங்கேறியது. அதில் சாக்ரடீஸ் ஒரு பாத்திரம். மேகங்களை நகர்த்துவது ஜீயஸ் கடவுள் இல்லை, வானத்துச் சுழலான 'டினோஸ்' என்று அவர் பாடம் நடத்துகிறார். கேட்டுக்கொண்டிருந்த கடன்கார முதியவர் ஸ்ட்ரெப்சியாடிஸ் அதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார். ஜீயஸைத் துரத்திவிட்டு 'டினோஸ்' என்று ஒரு புது ராஜா வந்துவிட்டார் போல என்று நினைக்கிறார்!

இதில் இரட்டைக் கேலி இருக்கிறது. ஒரு வகைப் பாத்திரத்துக்கும் 'டினோஸ்' என்றுதான் பெயர். ஒரு மண் பாத்திரத்தைப் போய் கடவுள் என்று நம்பிவிட்டேனே என்று கடைசியில் முதியவர் புலம்புவார். அரங்கமே சிரித்திருக்கும்.

ஆனா அந்தச் சிரிப்பு அதோடு முடியவில்லை. 24 ஆண்டுகள் கழித்து, கிமு 399-ல், சாக்ரடீஸ் மீது வழக்கு. நகரத்தின் கடவுள்களை ஏற்கவில்லை, புதிய தெய்வங்களைப் புகுத்துகிறார், இளைஞர்களைக் கெடுக்கிறார் என்பவை குற்றச்சாட்டுகள். அந்த நாடகம் தன்னைப் பற்றி மக்கள் மனதில் தப்பான எண்ணத்தை விதைத்துவிட்டது என்று சாக்ரடீஸ் நீதிமன்றத்தில் வாதிட்டதாக பிளேட்டோ எழுதியிருக்கிறார். வானத்தைப் பற்றிய அந்த ஆராய்ச்சிக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்றார் சாக்ரடீஸ். பலன் இல்லை. விஷம் குடிக்க வைத்து மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

ஒரு நாடகம்தான் அவரைக் கொன்றது என்று சொல்ல முடியாது. ஆனா அடுத்தவர் சொன்ன கருத்தை ஒருவர் தலையில் கட்டி, ஊரையே சிரிக்க வைத்தால், அந்தப் பழி எவ்வளவு காலம் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

'சைக்ளோன்' பெயர் பிறந்தது எங்கே?

கிரேக்க நாட்டில் இல்லை. நம்ம கொல்கத்தாவில்!

அங்கே கப்பல் விபத்து விசாரணைகளை நடத்திய ஆங்கிலேயர் ஹென்றி பிடிங்டன். வங்கக்கடல் புயல்களில் சிக்கிய கப்பல்களின் பதிவேடுகளைத் திரட்டி ஆராய்ந்தார். புயலில் காற்று நேராக வீசுவதில்லை, ஒரு மையத்தைச் சுற்றி வருகிறது என்பதை மாலுமிகளுக்குப் புரிய வைக்க நினைத்தார். 1848-ல் வெளியான தன் புத்தகத்தில் 'சைக்ளோன்' என்ற பெயரை முன்வைத்தார்.

ஏன் 'குக்லோஸ்'? சுருண்டு கிடக்கும் பாம்பின் சுருளையும் அந்தச் சொல் குறிக்கும் என்று அவரே விளக்கம் கொடுத்தார். புயல் கச்சிதமான வட்டமாக இருக்க வேண்டியதில்லை. ஆனா சுற்றிச் சுழலும். அதைச் சரியாகச் சொல்லும் பெயர் அவருக்குத் தேவைப்பட்டது.

இதனால் என்ன லாபம்? காற்று சுழல்கிறது என்று தெரிந்தால் மையம் எங்கே என்று கணிக்கலாம். பூமியின் வட பாதியில், காற்று வரும் திசையைப் பார்த்து நின்றால் புயலின் மையம் உங்கள் வலது பக்கத்தில், சற்றுப் பின்னால் இருக்கும். கப்பலை எந்தப் பக்கம் திருப்பினால் தப்பிக்கலாம் என்று முடிவெடுக்க இது உதவும்.

கொல்கத்தாவுக்கு அருகே மாட்லா ஆற்றில் துறைமுகம் கட்டத் திட்டமிட்டபோது, புயல் அலை அடித்துக்கொண்டு போய்விடும் என்று பிடிங்டன் 1853-ல் எச்சரித்தார். கேட்கவில்லை. கேனிங் துறைமுகம் கட்டப்பட்டது. 1867 புயலில் அது சிதைந்தது. எச்சரித்தவர் அதற்கு முன்பே, 1858-ல் இறந்துவிட்டார்.

செல்போனுக்குள் என்ன சுழல்கிறது?

1852-ல் பிரெஞ்சு விஞ்ஞானி லியோன் ஃபூக்கோ, வேகமாகச் சுழலும் சக்கரம் ஒன்றை வைத்து, பூமி சுழல்வதைக் கண்ணால் பார்க்க ஒரு கருவி செய்தார். 'கூரோஸ்' என்பதோடு 'பார்த்தல்' என்ற பொருள் தரும் சொல்லைச் சேர்த்து 'கைரோஸ்கோப்' என்று பெயர் வைத்தார்.

இன்று உங்கள் போனில் இருக்கும் கைரோஸ்கோப்பில் சக்கரமே கிடையாது. மிகச் சிறிய ஒரு பாகம் அதிர்ந்துகொண்டே இருக்கும். போனைத் திருப்பினால் அந்த அதிர்வு திசை மாறும். அதை வைத்து எவ்வளவு திரும்பியது என்று போன் கண்டுபிடிக்கிறது. வீடியோ எடுக்கும்போது கை நடுக்கம் தெரியாமல் இருப்பதற்கும், கேமில் போனைச் சாய்த்துச் சாய்த்து விளையாடுவதற்கும் இதுதான் உதவுகிறது. சுழற்சி போய்விட்டது, பெயர் மட்டும் மிச்சம்!

ஹெலிகாப்டரை எங்கே பிரிக்கணும்?

பலரும் 'ஹெலி', 'காப்டர்' என்று பிரிப்பார்கள். சரியான பிரிப்பு 'ஹெலிகோ' + 'ப்டெர்'. சுருள் + இறக்கை. 1861-ல் பிரான்ஸைச் சேர்ந்த பொன்டன் டமேகூர் உருவாக்கிய பெயர் இது. டைனோசர் காலத்துப் பறக்கும் விலங்கான டெரோடாக்டைலின் பெயரில் இருப்பதும் இதே 'இறக்கை' தான்.

சுருக்கமாகச் சொன்னால்...

ஆற்றுச் சுழலுக்கு ஒரு பெயர், சக்கரத்துக்கு ஒரு பெயர், தலைசுற்றலுக்கு ஒரு பெயர் என்று கிரேக்கர்கள் பிரித்து வைத்தது வெறும் சொல் விளையாட்டு இல்லை. சரியான சொல் கிடைத்தபோது மாலுமிக்குப் புயலின் மையம் தெரிந்தது. இன்னொரு சொல் கேலிக்குப் பயன்பட்டபோது ஒரு சிந்தனையாளர் மீது பழி விழுந்தது. அடுத்த முறை டிவியில் 'சைக்ளோன் அலர்ட்' வரும்போது, திரையில் சுழலும் மேகங்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். சுருண்டு கிடக்கும் பாம்பு தெரிகிறதா?